எதிர்காலத்தில் அடுப்பு இல்லை

அலுவலகத்தில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர். கையைப் பார்க்காமலே பலன் சொல்கிறவள் என்று ஒரு கூடுதல் பட்டமும் உண்டு.

அது ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனம். இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் ஜனங்கள் எப்படி வாழ்வார்கள், எதில் உட்காருவார்கள், எந்த நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுவார்கள் என்றெல்லாம் முன்கூட்டியே யோசித்து எழுதித் தருவது அவள் வேலை. இந்த உத்தியோகத்தில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. சொன்னது பலிக்கிறதா என்று தெரிவதற்குள் கேட்ட ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். இனிமேல் யாரும் உட்கார்ந்து வேலை செய்யமாட்டார்கள் என்று ஒரு வருஷம் எழுதினாள். அதை நம்பி முதலாளி வாங்கிப் போட்ட உயரமான மேசைகள் இப்போது மாடிப்படிக்குக் கீழே பழைய பேனர்களைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. மேசைகளாவது நிற்கின்றனவே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் சமையலறை விஷயத்தில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

வருங்கால வீட்டில் சமையலறை இருக்காது என்று எழுதியிருந்தாள். வீட்டுக்கு ஓர் அடுப்பு, வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ், வீட்டுக்கு ஒரு மிக்ஸி என்பதெல்லாம் பூமி தாங்காத ஆடம்பரம். கட்டடத்துக்கு ஒரு பொதுச் சமையலறை போதும். கூடிச் சமைப்பார்கள், கூடிச் சாப்பிடுவார்கள், மிச்சம் மீதியை உரமாக்கிச் செடிக்குப் போடுவார்கள். அதை வீட்டில் படித்துக் காட்டியபோது அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

பசுமை என்ற சொல் காதில் விழுந்தாலே முதலாளிக்குத் தலைகால் புரியாது. அறிக்கையைப் படித்தவர் யாரையும் கலந்துகொள்ளாமல் அப்படியே கட்டி முடித்துவிட்டார். நான்கு மாடி, எட்டு வீடு. கூரை முழுக்க சோலார் பலகைகள், முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி, சுவரெல்லாம் கொடி. தரைத்தளத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தையே கொள்ளும் பொதுச் சமையலறை. மற்றபடி எந்த வீட்டிலும் ஒரு பாத்திரம் கழுவ இடம் கிடையாது.

"எழுதினவங்களே குடிபோனாதான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். மாட்டேன்னு சொல்லிடாதீங்க" என்றார் முதலாளி.

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கணவனையும் கணவனுடைய அக்காவையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குக் குடிவந்தாள். கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்க அடுத்தவன் காலடியில் தன் உயிரை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதால் வீட்டில் எதற்கும் பதறமாட்டான். நாத்தனாருக்கு மருந்துக்கடையில் வேலை. கல்யாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தம்பியோடேயே இருந்துவிட்டவள். வாசலில் நுழையும் ஆளின் முகத்தைப் பார்த்தே இன்ன வியாதிக்கு மருந்து வாங்க வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவாள். அதைச் சத்தம் போட்டுச் சொல்லியும்விடுவாள்.

புது வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நாத்தனார் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏம்மா, எல்லாம் அம்சமா இருக்கு. அடுப்பு எங்கே?"

"கீழே இருக்கு அக்கா. எல்லாருக்கும் பொதுவா."

"ஒரு வாய் வெந்நீர் வேணும்னா?"

"கீழேதான்."

"திடீர்னு பசிச்சா?"

"எதிர்காலத்துல திடீர்னெல்லாம் பசிக்காதுக்கா" என்று கணவன் குறுக்கே புகுந்தான். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

ஆரம்பத்தில் பொதுச் சமையலறை களைகட்டத்தான் செய்தது. எட்டு வீட்டுக்காரர்களும் கரண்டியும் கையுமாக வந்தார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. என் வாணலியில் மீன் பொரித்தது யார், என் உப்பு டப்பா ஏன் பாதியாகிவிட்டது, இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை பெரிய குக்கர் என்று பேச்சு வளர்ந்தது. இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் கணக்கு வாத்தியார், தான் வெங்காயம் நறுக்குவதை மற்றவர்கள் கவனிப்பதாகவும் அதனால் கை நடுங்குவதாகவும் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். நான்காம் மாடி நர்ஸுக்கு ஷிப்ட் ஒத்துவரவில்லை. ஒருவர் நின்றால் இன்னொருவருக்குத் துணிச்சல் வருமே, ஒவ்வொருவராக நின்றுபோய், கடைசியில் கல்யாணக் கூட்டத்துக்கான சமையலறையில் இவள் மட்டும் தன்னந்தனியாக வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மாற்றம் மெதுவாகத்தான் வரும் என்று அவள் அசரவில்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் கீழே போவாள். எதையாவது வேகவைத்து, எதையாவது நறுக்கி மேலே எடுத்துப் போவாள். லிஃப்டுக்குக் காத்திருந்து மூன்றாம் மாடி சேர்வதற்குள் சூடு ஆறிவிடும். கணவனும் நாத்தனாரும் இரண்டு வாய் தின்றுவிட்டு, "போதும்மா, வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று எழுந்துவிடுவார்கள். பொதுவாழ்க்கை பசியைக் குறைக்கிறது என்று அவள் அடுத்த அறிக்கைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டாள். இவ்வளவு குறைவாகச் சாப்பிடும் கணவனுக்கு வயிற்றில் பித்தான் மூடமாட்டேன் என்கிறதே என்று ஒரு சின்ன உறுத்தல் மட்டும் இருந்தது. மறுசுழற்சித் தண்ணீரில் துவைப்பதால் துணி சுருங்குகிறது என்று முடிவு கட்டி, அலுவலகத்தில் தண்ணீர்ப் பிரிவு பொறியாளரைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்தாள். அந்த அப்பாவி மனிதர் இரண்டு தடவை வந்து தண்ணீரைச் சோதித்துவிட்டுப் போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கட்டடம் ஒரு பெரிய போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தது. நாளைய வாழ்விடம் என்று விருதுக்குப் பெயர். மூன்று நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். முதலாளி பச்சைச் சட்டை தைத்துக்கொண்டார். இவள் வீடு வீடாக ஏறி இறங்கி, "நடுவர்கள் வரும்போது எல்லாரும் கீழே வந்து ஒண்ணா சமைச்சிட்டிருக்கணும். ப்ளீஸ், ஒரு நாள் மட்டும்" என்று கெஞ்சினாள். எல்லோரும் ரொம்பத் தாராளமாகத் தலையாட்டினார்கள். அந்தத் தாராளத்தைப் பார்த்தே அவள் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

நடுவர்கள் வந்தார்கள். குழுவுக்குத் தலைவி நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட ஓர் அம்மாள். வாசலில் வரவேற்பு முடிந்ததும், முதலில் கூரையைக் காட்டிவிட்டுக் கீழே வருகிறோம் என்று முதலாளி மூவரையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு போனார். இவள் பொதுச் சமையலறையில் ஏப்ரன் கட்டி நின்றாள். யாரும் வரவில்லை. கதவைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள், மறுபடி கதவைப் பார்த்தாள்.

படக்கென்று விளக்கெல்லாம் அணைந்தது.

மின்விசிறிகள் நின்றன. காற்றுப்போக்கிகள் நின்றன. கட்டடமே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல ஓர் அமைதி. அந்த அமைதியில் மேலேயிருந்து ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சுர்ர்ரென்று, ஒரு மாடியிலிருந்து அல்ல, எல்லா மாடியிலிருந்தும். காய்ந்த எண்ணெய்க்குக் கரண்ட் போனது உடனே தெரிந்துவிடுமா என்ன, அது பாட்டுக்குப் பொரிந்துகொண்டிருந்தது. கூடவே வாசனையும் இறங்கி வந்தது. வெங்காயம், முட்டை, மிளகு, அப்புறம் சந்தேகமே இல்லாமல் உருளைக்கிழங்கு.

அவள் படிகளில் ஓடினாள். தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. குளியலறைக் கதவிடுக்கில் புகை கசிந்தது. திறந்தாள்.

கவிழ்த்துப் போட்ட வாளியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். வாஷிங் மெஷின் தலையில் ஒரு கரண்ட் அடுப்பு. அதன்மேல் வாணலி நிறைய உருளைக்கிழங்கு வறுவல். கணவன் ஒரு காலை டாய்லெட் மூடியில் ஊன்றி, சுவர் மேலேயிருந்த காற்றுப்போக்கியை நோக்கித் துண்டால் புகையை விரட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன இது?" என்றாள் அவள்.

"ஆளுங்க வர்றாங்கன்னு நீதானே சொன்னே?" என்றாள் நாத்தனார். "வீடு தேடி வர்றவங்களை வெள்ளரிக்காயைக் கையில கொடுத்தா அனுப்புறது?"

"எத்தனை நாளா நடக்குது?"

"குடிவந்த மறுநாள்லேர்ந்து" என்றான் கணவன், போக்குவரத்துப் போலீஸிடம் சொல்வதுபோல ஒளிவுமறைவில்லாமல்.

"எல்லா வீட்லயுமா?"

"எல்லா வீட்லயும் குளியலறைலதான். அங்கேதானே புகை போக வழி வெச்சிருக்கீங்க. வாத்தியாருக்கு அக்காதான் அடுப்பே வாங்கிக் கொடுத்தா."

தினமும் ஆறிப்போன காரட்டைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குக் காத்து நின்றது அவள் கண்முன்னே வந்துபோனது. தண்ணீர்ப் பொறியாளரின் பரிதாபமான முகமும் வந்தது. காது மடல் சுட்டது. "கட்டடம் முழுக்கத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என்னை வெச்சு எல்லாரும் சிரிச்சிருக்கீங்க, இல்லே?"

நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தாள். எப்போதும் ஊருக்கே கேட்கும் குரல் இப்போது இறங்கியிருந்தது.

"யாரும்மா சிரிச்சாங்க? அன்னைக்கு அதை எழுதிட்டு வந்து எங்ககிட்ட படிச்சுக் காட்டினியே, உனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்த மூஞ்சியைப் பார்த்துட்டு எனக்கு ஒரு அடுப்பு வேணும்னு கேக்க எப்படி மனசு வரும்? சரி, இது இருந்துட்டுப் போகட்டும், நாம ஒரு ஓரமா பொழைச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் முண்டியடித்துக்கொண்டு பசி வந்தது. எத்தனை மாத வெள்ளரிக்காய்! அவள் வாணலியில் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நாக்கு வெந்தது. துப்பவில்லை. இன்னொன்று எடுத்தாள்.

"உப்பு போதுமா?" என்றாள் நாத்தனார்.

அதற்குள் வெளியே, "யாராவது இருக்கீங்களா!" என்று முதலாளியின் அலறல் கேட்டது.

லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. விருந்தாளிக்குச் சூடாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்று எட்டு வீடும் ஒரே நேரத்தில் அடுப்பைப் போட்டால் சோலார் பேட்டரி என்ன செய்யும்? கைவிரித்துவிட்டது. கணவனும் இன்னும் இருவரும் சேர்ந்து மூன்றாம் மாடிக் கதவை இழுத்துப் பிடித்தார்கள். கீழ்ப்பக்கம் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்தது. அதற்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வாத்தியார் கையில் முட்டை, நர்ஸ் கையில் சூப். நடுவர்களைக் காப்பாற்றும் வழி யாருக்கும் தெரியாததால் உபசரிக்கத் தொடங்கினார்கள்.

"அவசரப்படாதீங்க மேடம், இப்ப சரியாயிடும்" என்று உள்ளே முதலாளி கெஞ்சுவது கேட்டது.

"எனக்கு அவசரமே இல்லை" என்றது தலைவியின் குரல். "காலைலேர்ந்து ஆறு கட்டடம் பார்த்தாச்சு, எங்கேயும் ஒரு வாய் தண்ணிகூட யாரும் தரலை. அந்த உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க."

தட்டு போனது. மெல்லும் சத்தம் கேட்டது.

"ரொம்ப நல்லா இருக்கே. எங்கே சமைச்சது?"

"இது வந்து, பரவலாக்கப்பட்ட சமையல்னு ஒரு புது…" என்று முதலாளி ஆரம்பித்தார்.

"பாத்ரூம்ல" என்றாள் நாத்தனார் பெருமையாக.

மெல்லும் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது.

"இந்தக் கட்டடத்துல சமையலறை வேண்டாம்னு யோசனை சொன்னது யாரு?"

எல்லோரும் அவளைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். ஓடிப்போய் மழைநீர்த் தொட்டியில் குதித்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஏப்ரனோடு தரையில் குப்புறப் படுத்து இடைவெளியில் முகத்தை வைத்தாள். கீழே நான்கு தலைகள் அண்ணாந்து பார்த்தன. ஒன்றின் கன்னத்தில் முட்டை ஒட்டியிருந்தது.

"நான்தான் மேடம். தப்பா சொல்லிட்டேன். மின்சாரத்தைப் பத்தி யோசிச்சேன், குப்பையைப் பத்தி யோசிச்சேன். அடுத்தவங்க பார்த்தா வெங்காயம் நறுக்க வராத ஆள் இருப்பாங்கன்னு யோசிக்கலை. யாரையும் கேக்கவும் இல்லை."

"அப்ப இன்னும் பத்து வருஷத்துல ஜனங்க எப்படித்தான் சமைப்பாங்க?"

"தெரியாது மேடம்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. கீழே பச்சைச் சட்டை லிஃப்ட் சுவரில் மெதுவாகச் சாய்ந்தது.

எல்லா அடுப்பையும் அணைத்தபிறகு லிஃப்ட் நல்ல பிள்ளையாக மேலே வந்தது. விருது வரவில்லை. கூரையில் புல் வளர்த்த ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு அதைக் கொடுத்தார்கள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் அவள் உள்ளே போனாள். அவர் கண் பளபளவென்று இருந்தது.

"விடிய விடிய யோசிச்சேன். குளியலறையும் சமையலறையும் ஒண்ணு! ஒரே குழாய், ஒரே வடிகால், ஒரே காற்றுப்போக்கி! எவ்வளவு மிச்சம் பாருங்க. வருங்காலம் அதுதான்னு அடுத்த அறிக்கையில போட்டுடுங்க."

"போட்டுடலாம் சார். முதல்ல நீங்க உங்க வீட்டம்மாவோட ஆறு மாசம் அப்படி இருந்து பார்த்துடுங்க."

வீட்டம்மா என்றதும் பளபளப்பு கொஞ்சம் மங்கியது. அந்த இடைவெளியில் அவள் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டாள். தாழ்வாரத்து அலமாரிகளை எடுத்துவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் சின்னதாக ஓர் அடுப்படி கிடைக்கும். எல்லா அடுப்பும் ஒரே சமயத்தில் எரியாமல் இருக்க ஓர் ஏற்பாடு செய்யவேண்டும். பேட்டரியையும் பெரிதாக்கவேண்டும். அவர் முனகினார், பெருமூச்சு விட்டார். எட்டுக் குடும்பமும் காலி செய்தால் கொடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று அவள் கேட்டதும் தலையை ஆட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பொதுச் சமையலறையை இனி என்ன செய்வது என்று பேச அங்கேயே ஒரு கூட்டம் போட்டாள். எட்டு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். அவள் எழுந்து, "இன்னும் பத்து வருஷத்துல…" என்று தொடங்கியதும், "ஐயோ, உக்காரும்மா!" என்று நாலாபக்கமும் குரல் எழுந்தது. உட்கார்ந்தாள். "சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று உட்கார்ந்தபடியே கேட்டாள்.

அதுதான் வினையாகிவிட்டது. நர்ஸுக்குப் பகலில் யாரும் தொந்தரவு செய்யாமல் தூங்க ஓர் அறை வேண்டும். வாத்தியாருக்குக் கேரம் போர்டு வேண்டும். கேரம் தட்டினால் நான் எப்படித் தூங்குவது என்று நர்ஸ் கேட்டாள். பகலில் தூங்குகிறவர்களுக்காக ஊர் அடங்க முடியுமா என்று வாத்தியார் எதிர்க்கேள்வி போட்டார். நர்ஸ் முகத்தை வைத்தே அவளுக்கு ரத்த அழுத்தம் என்று நாத்தனார் அறிவித்தாள். தனக்கு ரத்த அழுத்தமா என்று நர்ஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கணவன் எல்லோருக்கும் டீ போடப் போய், தகராறை ஒரு காதில் வாங்கியபடி பாலைப் பொங்கவிட்டான்.

பொழுது சாயும்வரை பேசியும் ஒரு முடிவும் ஆகவில்லை. சண்டை பாதியில் நிற்கிறது என்பதால், அடுத்த ஞாயிறும் இதே இடத்தில் கூடுவது என்று மட்டும் எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள்.