இரைச்சல் இல்லாத நேரம்

பதினொரு நாளாகியும் மாமனாரின் இடுப்புப் புண் ஆறவில்லை. பொத்தான் அளவில் இருந்தது உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. பக்கவாதத்தில் பேச்சும் போய்ப் படுத்தவர். புண் வரக்கூடாதென்றுதான் காற்று மெத்தை வாங்கிப் போட்டிருந்தார்கள். கட்டிலோரம் தொங்கும் பம்ப், இரவும் பகலும் காற்றை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும்.

"ஆயா ஒழுங்கா திருப்பிப் போடுறதில்ல. நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிட்டேன்," என்றான் கணவன் காலையில்.

நாலு மணிவரை கிழவரைப் பார்த்துக்கொள்பவள் ஆயா; அதற்குப் பிறகு கணவன். முகம் சுளிக்காமல் அந்தப் புண்ணைத் துடைத்தவள் அவள் ஒருத்திதான். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்புறேன்க்கா, எம் பிள்ளைங்க மேல சத்தியம்," என்று மருமகளிடம் அழுதாள்.

வழக்கமாக மருமகள் ஆய்வுக்கூடத்திலிருந்து வர எட்டு தாண்டிவிடும். அன்று ஐந்துக்கே வந்துவிட்டாள். முன்னறையில் கணவன் சிற்றலை வானொலி முன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். கடல் கடந்த நாட்டில் யாரோ வானிலை வாசிப்பது கண்ணாடி மாதிரிக் கேட்டது. பம்ப் வந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியில் கொரகொரப்புதான். ஏரியலை மொட்டைமாடிக்கு ஏற்றினான், பம்ப்பின் ஒயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினான், வானொலியைப் பேட்டரியில் ஓட்டினான். கொரகொரப்பு எதற்கும் மசியவில்லை.

"வளையம் வேலை செய்யுதா?"

"பின்ன? உலகத்துக்கு அந்தப் பக்கம் எவனாவது தும்மினாக்கூட கேக்கும்." திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

உள்ளறைக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. பம்ப்பின் பச்சை விளக்கு எரியவில்லை. மெத்தை சப்பிப்போய், கிழவரின் எலும்பு கட்டில் பலகையில் அழுந்திக் கிடந்தது. உதட்டோரம் ஈ. அதை விரட்டக் கை எழாமல் அவளையே பார்த்தார்.

சுவிட்சைப் போட்டாள். மெத்தை மெல்ல உப்பியது. முன்னறையில் வானொலி கொர்ரென்று கத்தியது.

"ஏய், யாரு அதைப் போட்டது? எட்டு மணிக்கு நானே போட்டுக்குவேன்ல!"

எழுந்துகூட வரவில்லை. இத்தனை நாள் இவன் தட்டில் சோறு போட்டதை நினைத்தாள். வாயில் கசப்பு ஊறியது.

வழக்கமாகக் காலையில் கட்டு மாற்றும் நர்ஸ் அன்று ஆறு மணிக்குத்தான் வந்தாள். கணவனும் வானொலியை நிறுத்திவிட்டு, நல்ல பிள்ளையாகக் கால்மாட்டில் வந்து நின்றான். நர்ஸ் துணியைப் பிரித்துக் குனிந்து பார்த்தாள்.

"என்ன சார் இது, ஓரமெல்லாம் கறுத்துப் போச்சு? மெத்தை நிக்காம ஓடுதுல்ல?"

"ராத்திரி பகலா ஓடுது சிஸ்டர். எல்லாம் அந்த ஆயா பண்ற வேலை. சம்பளத்தை வாங்கிட்டுத் தூங்கி வழியுறா. அதான் நிறுத்திட்டேன்." சிரித்துவிட்டு, நீயும் சொல்லேன் என்று மனைவிக்குக் கண்ணைக் காட்டினான்.

வெளியாட்கள் முன்னால் அவள் வாய் திறப்பதே அபூர்வம்.

"ஆயா மேல தப்பில்ல சிஸ்டர்," என்றாள். "ரேடியோவுல இரைச்சல் வருதுன்னு, தினமும் பம்ப்பை அணைச்சுப் போடுறது இவருதான்."