ஓடினால் தும்மும் வண்டி

“பெட்ரோல்ல மண்ணெண்ணெயக் கலந்திருப்பாகன்னு நீதான சொன்ன—”

“அது போன மாசம்மா, இது வேற பெட்ரோலு—”

“எந்தப் பெட்ரோலா இருந்தா என்ன, ரயிலு உனக்காக நிக்குமா யாக்கோபு?”

“எனக்காக நிக்காதும்மா. கைய எடுங்க, பானெட்டு சுடும்.”

கோகிலாம்பாள் கையை எடுத்தாள். பாலவனத்தத்துக்கு இந்தப் பக்கம், வெறுங்கரிசலுக்கு நடுவில் கார் மறுபடியும் நின்றிருந்தது. மத்தியானம் பட்டாள ரயில் விருதுநகரில் தண்ணி பிடிக்க நிற்கும், அதில் உங்கள் மகன் போகிறான் என்று பந்தல்குடி ஆள் ஒருத்தன் வந்து சொல்லியிருந்தான். அப்புறம் கப்பல், பர்மாச் சண்டை. முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று முறுக்குத் தூக்கோடு புறப்பட்டிருந்தாள். புருஷன் வரவில்லை. மகனைத் தலைமுழுகிவிட்ட மனுஷர், காரை எடுத்துக்கொள் என்று சொன்னதே பெரிசு.

தலைமுழுகியதும் இந்தக் காரால்தான். வாசலில் நின்றால் தறி மாதிரி சீராக ஓடும். ரோட்டில் ஏறினால் முக்கும், தும்மும், நின்றுபோகும். “கண்டபடி ஓட்டி வண்டியக் கொன்னுட்டான்” என்று கடையாட்கள் முன்னால் அப்பன் ஏசினார். “நின்னா நல்லாருக்கு, ஓடினா தும்முது, நான் என்ன செய்ய?” என்றான் சௌந்தரபாண்டியன். எதிர்த்துப் பேசுகிறான் என்று அப்பன் கை நீண்டுவிட்டது. வளர்ந்த பிள்ளை. பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டான்.

டிரைவர் யாக்கோபு பெட்ரோல் குழாயை ஊதினான். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கைப்பிடி போட்டுச் சுற்றியதும் என்ஜின் ஒரு குறையில்லாமல் ஓடியது.

“பாத்தீகளா, நம்மளக் கேலி பண்ணுது.”

“ஏறி ஓட்டு.”

“அந்தா அந்தப் பாலத்துல போய் நிக்கும். இருங்க. நிக்கிறதுக்கும் ஓடுறதுக்கும் என்ன வித்தியாசம்? குலுக்கந்தான?”

மட்காட்டைப் பிடித்துக் காரை ஆட்டினான். என்ஜின் முக்கியது. விட்டான், சீரானது.

“நீங்க ஆட்டுங்கம்மா, நான் உள்ள பாக்கேன்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டினாள். உள்ளே ‘சுட்’டென்று ஒரு பொறி. யாக்கோபு கையை விட்டு எதையோ பிய்த்து எடுத்தான். செப்புக் கம்பி, அதன் நுனியில் எண்ணெய்க் கறுப்பேறிய ஒரு தகடு.

“எந்த மடையன் கட்டினான் இத? பிளக்குக்குக் கரண்டு குடுக்குற காயிலுக்குப் பின்னால தொங்குது. வண்டி குலுங்கினா காயில் முனையில படுது, கரண்டு அத்துப்போகுது. அழுக்கோட அழுக்கா யாரு கண்ணுக்கும் தெரியல.”

துடைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. மகனுக்காகத் திருச்சுழியில் பூசை வைத்து வாங்கிய மந்திரத் தகடு.

“நான்தான்” என்றாள். “கழுத்துல போட்டுக்கடான்னேன். நான் என்ன கோயில் மாடான்னு சிரிச்சான். அதான் அவன் ஓட்டுற வண்டியில… அவனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“நீ வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். சிரிப்பேன்னு நெனச்சேன்.”

“சிரிச்சுட்டு வேற எடத்துல கட்டியிருப்பேன்.”

அதற்கப்புறம் விருதுநகர் வரைக்கும் கார் பள்ளத்தில் இறங்கியது, மேட்டில் ஏறியது, தும்மவில்லை. ஒரு தடவை தும்மித் தொலையாதா, கோளாறு வேறெதுவோ என்று ஆகிவிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வந்தாள்.

ஸ்டேஷனில் தண்ணிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“பட்டாள ரயிலா? இப்பத்தான் போகுது” என்று வடக்கே புகையைக் காட்டினான் போர்ட்டர்.

புகை கலைகிற மட்டும் நின்றாள். திறக்காத தூக்கோடு வந்து காரில் உட்கார்ந்தாள். யாக்கோபு தகட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, கைப்பிடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“போனதும் மொதலாளி கேப்பாக. என்ன கோளாறுன்னும்மா சொல்ல?”