சிவப்பு தெரியும் இடமெல்லாம்

மனிதகுலத்தின் சுதந்திர வரலாற்றில் புதிய யுகம் ஒன்று பிறந்துவிட்டது என்பதைச் சகலரும் அறியக் கடவர். ஒரு மனிதர் தம்முடைய சுவருக்குத் தாமே பெயின்ட் அடித்தார்.

அவர் கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவர். முன்னால் ஷெட், பின்னால் ஒரே அறையில் குடித்தனம். ஷெட்டின் நீளம் சரியாக ஒரு காரின் நீளம். கதவை இழுத்துச் சாத்தினால் பம்பருக்கும் கதவுக்கும் நடுவே ஆள் பக்கவாட்டில்தான் நகரலாம். சாத்தாமல் அடிக்கவும் முடியாது. ஈரம் காய்வதற்குள் தெருப் புழுதி ஒட்டி, கார் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும்.

அந்த ஷெட்டில்தான் சாலையை அகலப்படுத்த அரசாங்கத்துக்கு நாலடி தேவைப்பட்டது. இரண்டு பேர் வந்தார்கள், டேப்பை இழுத்தார்கள், பக்கச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு போட்டு, கோட்டுக்கு முன்னால் இருந்ததில் பெரிதாகப் பெருக்கல் குறியும் போட்டார்கள்.

"நாலடிதானேண்ணே! மீதியில ராஜா மாதிரி இருக்கலாம்" என்றான் டேப் பிடித்தவன்.

"நாலடி போனா காரோட வால் தெருவுல நிக்கும்பா."

"சின்னக் காரா பாத்து வேலைக்கு எடுங்க."

ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லலாம் என்று ஒரு தேதியும் கொடுத்தார்கள். அரசாங்கம் யாரையும் கேட்காமல் எதையும் செய்வதில்லை. பதிலுக்குக் காத்திருப்பதுதான் அதன் வழக்கமில்லை.

செய்தி கேட்டுச் சகலை வந்தார். மனைவியின் அக்கா புருஷன். ஊரில் 'சுதந்திரம்' என்றால்தான் தெரியும். தனிச்சொத்துக் காப்புக் கழகத்தின் நிறுவனர், தலைவர், பொருளாளர் எல்லாம் அவரே. வரி என்பது ரசீது கொடுக்கும் திருட்டு என்பார். ஓய்வூதியம் வரும் முதல் தேதி மட்டும் தொண்டை சரியில்லை என்று பேசாமல் இருப்பார்.

"சகல, இது யார் சுவர்?"

"என் சுவர்தான்."

"உன்னைக் கேக்காம உன் சுவர்ல ஒருத்தன் கோடு போட்டா அதுக்குப் பேர் என்ன?"

"கிறுக்கல்."

"அத்துமீறல்! அதை அழிக்கிறது உன் பிறப்புரிமை. கோடு இல்லன்னா திரும்ப அளக்கணும். திரும்ப அளக்க ஆணை வேணும். ஆணை வர்றதுக்குள்ள உனக்குப் பேரன் பொறந்துடுவான்."

"கோட்டை அழிச்சா ரோடும் அழிஞ்சுடுமா?" என்றாள் பெயின்டரின் மனைவி. "கோர்ட்டுக்குப் போற வழியைப் பாருங்க."

"கோர்ட்டும் அவங்களுதுதாம்மா" என்றார் சுதந்திரம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் பெயின்டர் பிழைத்திருப்பார்.

முதலில் கோட்டின் மேல் வெள்ளை அடித்தார். காலையில் கோடு இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. சிவப்பின் குணம் அப்படி. மேலே எத்தனை வெள்ளை அடித்தாலும் ஊறிக்கொண்டு வெளியே வரும். சிவப்பை மறைக்கச் சிவப்பைத்தான் அடிக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். ஒட்டுப்போட்டது தெரியக்கூடாது என்பதும் தெரியும். ஆகவே நாலு சுவரும் சிவப்பு, பின் அறையும் சிவப்பு, கக்கூஸ் கதவும் சிவப்பு. இரண்டு கோட்டிங், மேலே பளபளப்பு. கோடு போட்டவனே வந்து தடவிப் பார்த்தாலும் கோடு அகப்படாது.

"கல்யாணத்தன்னிக்குக் கூட வீடு இவ்வளவு லட்சணமா இல்ல" என்றாள் மனைவி. அவளுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆட்சேபணை சொல்ல வேண்டிய நாளில் புருஷனும் மனைவியும் அலுவலகத்துக்குப் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதிகாரி இல்லை. குடிமக்களிடம் கனிவாக நடப்பது எப்படி என்ற பயிற்சிக்குப் போயிருந்தார். சாயங்காலம் வரை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

வீடு இருந்த இடத்தில் வானம் இருந்தது.

பொக்லைன் ஓட்டுநர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே, உங்க இடமா? சிவப்பு தெரியுற இடமெல்லாம் எடுன்னு சொல்லி அனுப்பினாங்க. மத்த எடத்துல குறியைத் தேடியே பொழுது போயிடும். இங்க யாரோ புண்ணியவான், கண்ணு தெரியாதவனுக்கும் தெரியுற மாதிரி போட்டிருந்தாரு."

மனைவி செருப்பைக் கழற்றாமல் கற்களுக்குள் இறங்கி, பெயின்டுக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸரைத் தேடினாள். கிடைத்தது. மிதித்த தகர டப்பா மாதிரி இருந்தது.

பயிற்சி முடிந்து வந்த அதிகாரி மிகக் கனிவாகப் பேசினார்.

"ஆணையில நாலடிதான் சார். அதுக்கு இழப்பீடு உண்டு. மீதியில சிவப்பு அடிச்சது நாங்க இல்லையே. யாரு?"

"நான்தான்."

"அப்ப கட்டடத்தை நீங்களா முன்வந்து ஒப்படைச்சதா ஆகுது. அதுக்கு இழப்பீடு கிடையாது சார், பாராட்டுக் கடிதம் உண்டு. நிலம் உங்களுதுதான், யாரும் இல்லைன்னு சொல்லல. சாலையோரமா புதுசா எதுவும் கட்டத்தான் அனுமதி இல்ல."

ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் மாபெரும் கண்டனக் கூட்டம். பெயின்டர் போனபோது மேடை தயாராகிவிட்டது. அவருடைய ஷெட்டின் தரையில்தான் போட்டிருந்தார்கள். சமையல் செய்த இடத்தில் குழி தோண்டி ஒலிபெருக்கிக் கம்பம் நட்டிருந்தார்கள்.

"இங்க மேடை போட என்னை யாரும் கேக்கலையே சகல?"

"இது பொதுக் காரியம்பா! இதுக்குப் போய் உன்னை என்னைன்னு பேசலாமா?" சுதந்திரம் மாலையைச் சரிசெய்துகொண்டார். "எல்லாம் முறைப்படி அனுமதி வாங்கியாச்சு."

"யார்கிட்ட?"

"நகராட்சிகிட்ட."

தனிமனிதனின் ஒரு செங்கல்லைத் தொடவும் எந்த அரசுக்கும் அதிகாரம் இல்லை என்று அவர் முழங்கினார். நல்ல கைதட்டல். உட்கார இடமில்லாதவர்கள் இடிந்த செங்கற்களை அடுக்கி உட்கார்ந்து கேட்டார்கள்.

பெயின்டர் இப்போது அரசுப் பேருந்துப் பணிமனையில் பெயின்ட் அடிக்கும் தினக்கூலி.