சத்தமில்லாத சாதகம்

குழந்தை யுஸ்ரா பிறந்த பிறகு விதாதின் கானூன் வாய் மூடிக்கொண்டது. பிஸர்த் நகரின் பழைய துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சின்ன வீட்டில் ஒரு தந்தி முனகினாலும் குழந்தை விழித்துக்கொள்ளும். குழந்தை விழித்தால் தெருவே விழித்துக்கொள்ளும். மடியில் கிடத்தி ஆள்காட்டி விரல்களால் மீட்டுகிற வாத்தியம் அது; எவ்வளவு மெதுவாக மீட்டினாலும் சுவர் வரைக்கும் சிலுசிலுக்கும்.

வசந்தக் கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் விதாத் உள்ளூரச் சந்தோஷப்பட்டாள். வாசிக்காமல் இருக்க நல்ல காரணம் ஒன்று கிடைத்திருந்தது.

போன ரமலான் கச்சேரியில், அவள் தனியாக வாசிக்கும் பகுதியின் நடுவில் எல்லாம் மறந்துபோனது. விரல்கள் அப்படியே நின்றன. பக்கத்தில் தர்புக்கா மேளம் தட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் லுத்ஃபி சட்டென்று புகுந்து, தாளத்தை வெளுத்துக்கட்டி அந்த இடத்தை மூடினான். கூட்டம் அவனுக்குக் கைதட்டியது. வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு நன்றி சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து அவன் தர்புக்காவைத் தட்டும் சத்தம் கேட்டாலே அவளுக்குள் ஏதோ சுருங்கியது. காப்பாற்றியவன்மேல் எப்படிக் கோபப்படுவது?

ஆனாலும் மனம் கேட்காமல், ஒரு மதியம் குழந்தை தூங்கும்போது கானூனை மடியில் வைத்து, தந்திகள்மேல் குழந்தையின் போர்வையை விரித்தாள். கண்ணை மூடி மனத்துக்குள்ளேயே வாசிக்க ஆரம்பித்தாள். நான்கு சுரம் நகர்வதற்குள் மனம் கொடியில் காயும் துணிக்கு ஓடியது. அங்கிருந்து ஹரிஸா மிளகாய் விழுது டப்பா காலியானதற்கு ஓடியது. அவள் அதட்டவில்லை. அழும் பிள்ளையைத் தூக்கித் தோளில் போடுவதுபோல் மனத்தைத் தூக்கிவந்து மறுபடி முதல் சுரத்தில் உட்கார வைத்தாள்.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே உட்கார்ந்தாள். நாத்தனார் ஸல்வா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன அண்ணி, பிள்ளையை விட்டுட்டு கானூனைத் தூங்க வைக்கிறீங்களா?"

"வாசிக்கிறேன்டி."

"நல்லா இருக்கு. அக்கம்பக்கத்துல யாரும் குறை சொல்ல முடியாது."

விதாதும் சிரித்தாள். ஆனால் அந்த நிசப்தத்தில்தான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. அன்று மறந்துபோன இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பே அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். தோள் மேலேறுகிறது, பல் கடிபடுகிறது. அதுவும் கச்சேரியில் இல்லை, சொந்த வீட்டில், சத்தமே வராத வாத்தியத்தில். முன்பெல்லாம் அந்த இடத்தை வேகமாக ஓடிக் கடந்துவிடுவாள், அதனால் தெரியவில்லை. இப்போது அங்கே வந்ததும் நின்றாள். மூச்சை விட்டாள். பயம் வந்தால் வரட்டும் என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அது சில நாள் சீக்கிரம் போயிற்று, சில நாள் போகவே இல்லை.

கச்சேரிக்கு முந்தின நாள் லுத்ஃபி மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்கு நான் நின்னுட்டேன்னா நீ தட்டாதே."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "ஊரே பாத்துக்கிட்டு இருக்கும், விதாத்."

"பாக்கட்டும்."

"அப்போ அன்னைக்கு நான் செஞ்சது தப்பா?"

"தப்பில்லே. ஆனா நீ மூடின எடத்துக்குள்ளயே நான் இன்னும் கெடக்கிறேன். வெளிய வரணும்."

அவன் செதில் ஒட்டிய தன் கைகளைப் பார்த்தான். பிறகு, "என் கை சும்மா இருக்காதே," என்றான்.

"அது மேலயே உக்காந்துக்கோ."

மறுநாள் மாலை, கச்சேரி நடந்த கோட்டை முற்றத்தில் வெயில் சாய்ந்திருந்தது. அவள் முறை வந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தது. மறுபடி எல்லாம் அழிந்துபோனது, இத்தனை நாள் உட்கார்ந்ததெல்லாம் வீணென்பதுபோல். ஓரக்கண்ணில் லுத்ஃபியின் கை எழும்புவதைப் பார்த்தாள். எழும்பிய கை தர்புக்காவின் தோலின்மேல் சத்தமில்லாமல் படிந்தது. குழுத்தலைவர் முன்ஸிஃப், எல்லாரும் மரியாதையோடு 'சீ முன்ஸிஃப்' என்று அழைப்பவர், வயலின் வில்லை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

விதாத் தோளைத் தளர்த்தினாள். கடைசியாக வாசித்த சுரம் இன்னும் தேய்ந்துகொண்டே இருந்தது, அதைக் கேட்டாள். வேறெதையும் தேடவில்லை. அது முழுதாக அடங்கியதும் அதற்கடுத்த சுரம் எதுவென்று விரலுக்குத் தெரிந்திருந்தது. மீட்டினாள். முன்வரிசையில் ஒரு கிழவர் ரசித்துச் சொக்கி, பெருமூச்சோடு "அல்லாஹ்" என்றார். அவர் பின்னால் பலர் அதையே சொன்னார்கள்.

முடிந்ததும் திரைக்குப் பின்னால் ஸல்வா பசியில் அலறும் யுஸ்ராவைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். விதாத் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது சீ முன்ஸிஃப் வந்தார்.

"அந்த இடைவெளி பிரமாதம்மா. அடுத்த கச்சேரியிலயும் அப்படியே வச்சிடு."

"நான் வைக்கல, சீ முன்ஸிஃப். அதுவா வந்தது. இன்னொரு தடவை வருமான்னு எனக்குத் தெரியாது."

அவர் தலையாட்டிக்கொண்டு போனார். புரிந்ததா என்று தெரியவில்லை.

லுத்ஃபி தரையில் அவளருகே உட்கார்ந்தான். "தட்டுறதை விடத் தட்டாம இருக்கிறதுதான் கஷ்டம்," என்றான். அவள் அவன் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டாள். அவளுக்குள் எதுவும் சுருங்கவில்லை.

"பசிக்குதா?" என்றான் கொஞ்சம் கழித்து. "முக்குக் கடையில லப்லபி, கொண்டைக்கடலை சூப், சுடச்சுட இருக்கும்."

"வாங்கிட்டு வா. எனக்கு ரெண்டு முட்டை உடைச்சு ஊத்தச் சொல்லு."