சாவித்திரி பழசாக்கிய கிட்டார்

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மைகளுக்கு கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு அடிக்கிற சாவித்திரிக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒருத்தர் இருபது வருஷம் விடாமல் வாசித்தால் அந்தக் கிட்டார் எங்கே தேயும், எந்த முனை முதலில் அடிபடும், எந்தத் திருகு துருப்பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு கண்காட்சி. அவள் செய்த ஜாடிகளின் மேல் வலை பின்னியது போல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. கிளேஸில் வேண்டுமென்றே வரவழைத்த வெடிப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் திலீபன் பேச்சுக் கொடுத்தான். எலக்ட்ரிக் கிட்டார் செய்து விற்கிற கடை வைத்திருப்பவன்.

"அக்கா, இதே மாதிரி வெடிப்பை பெயிண்டுல கொண்டாந்துருவீங்களா? பழைய கிட்டார் மாதிரி இருந்தாத்தான் வேணும்னு கேட்டு வராங்க."

"புதுசை வாங்கிக் கெடுக்கச் சொல்றாங்களா?"

"கெடுக்கறதுக்குத்தான்க்கா காசே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் செய்து பார்த்தாள். ஒரு பழைய ஐஸ்கிரீம் ஃப்ரீஸர் பெட்டியை வாங்கி, வீட்டை ஒட்டிய தகர ஷெட்டின் மூலையில் வைத்து, கிட்டாரின் உடம்பை அதற்குள் படுக்கவைத்து உறையவிட்டாள். வெளியே எடுத்து ஹேர் டிரையரால் சூடு காட்டியதும் பெயிண்ட் பட்பட்டென்று வெடித்தது. வாசிக்கிறவரின் முழங்கை உராயும் இடத்தை உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேய்த்தாள். சாவிக்கொத்தை எறிந்து சொட்டை விழவைத்தாள். திருகுகளை வினிகரில் ஊறப்போட்டாள். வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை டீ டிக்காஷனில் நனைத்து மஞ்சளாக்கினாள். முதல் கிட்டாரை திலீபன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு மூன்று வேலை வந்துகொண்டே இருந்தது.

கார்த்திகை மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் பஸ்ஸில் இரண்டு பெட்டிகள் வந்தன. இரண்டிலும் திலீபன் கடையிலேயே செய்த, ஒரே மாதிரியான வெளிர்நீலக் கிட்டார்கள். அவன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்ததை, கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். "ரெண்டு நீலம் அனுப்பியிருக்கேன்க்கா. ஒண்ணு பெங்களூரு கஸ்டமருக்கு, நல்லாப் பழசாக்கிடுங்க" என்பதுவரை கேட்டது. பொம்மைகள் வரிசையாகக் காத்திருந்தன. மீதியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று போனை வைத்தவள், அப்புறம் கேட்கவே இல்லை.

இரண்டில் ஒன்றுக்கு ஓரத்தில் புளியங்கொட்டை அளவு பெயிண்ட் பெயர்ந்திருந்தது. ஏற்கெனவே அடிபட்டது இதுதானே, பழசாக்க வேண்டியதும் இதுவாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவுக்கு வந்தாள். நாலு திருகைக் கழற்றிக் கழுத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உடம்பில் வேலையைத் தொடங்கினாள். ஐந்து நாள் வேலை. அவள் கைக்கு அதுவரை அவ்வளவு நன்றாக எதுவும் அமைந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் திலீபன் கூப்பிட்டான்.

"அக்கா, பெண்ணாடத்து ஐயா நாளைக்கு நேரா உங்க ஷெட்டுக்கே வந்து வாங்கிக்கிறேன்னு சொல்றாரு. ஓரத்துல பேந்திருந்ததே, அதை அடைச்சிட்டீங்கல்ல?"

சாவித்திரி ஆணியில் தொங்கிய நீல உடம்பைப் பார்த்தாள். 

"எந்த ஐயா?"

"அதான்க்கா சொல்லியிருந்தேனே. பேந்தது கலியமூர்த்தி ஐயாவோடது. அந்த இடத்தை மட்டும் அடைச்சுட்டு வேற எதையும் தொட வேணாம்னு."

தான் அதையே பழசாக்கிவிட்டதை அவள் சொன்னாள். பிறகு திலீபன் தாழ்ந்த குரலில் விவரம் சொன்னான். கலியமூர்த்தி சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிட்டார் அவர் மகள் துர்காவினுடையது. நாலு வருஷத்துக்கு முன்னால் கைதவறி விழுந்து ஓரம் பெயர்ந்ததாம். அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ஏதோ மனஸ்தாபம், அவள் பெங்களூருக்குப் போனவள்தான். போன வருஷம் அம்மா சொர்ணாம்பாள் செத்தபோது வந்தாள், காரியம் முடிந்ததும் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். வியாழக்கிழமை முதல் வருஷத் தெவசம். அதற்கு வருகிறாள்.

"அம்மா அதைத் தன்னோட புடவையில சுத்திப் பரண் மேல வச்சிருந்தாங்களாம். மகளுக்குப் புதுசு மாதிரி எடுத்துக் குடுக்கணும்னு ஐயா நாலு தடவை சொல்லிட்டாருக்கா."

போனை வைத்ததும் சாவித்திரி பொம்மை யூனிட்டுக்கு லீவு சொல்லிவிட்டு ஷெட் கதவைச் சாத்திக்கொண்டாள். சொட்டைகளை நிரப்பி, வெடிப்பின் மேல் தின்னர் பூசி உருகவைத்து, அதன் மேல் நீலத்தை அடித்தால் ஒருவேளை மூடிவிடும். பொம்மையில் எத்தனையோ தப்பை அப்படி மறைத்திருக்கிறாள். அடித்தாள். மழை ஈரம் காற்றில் ஊறிக் கிடந்தது. பெயிண்ட் காயக்காய, பனி இறங்கியது போல மேலெல்லாம் வெள்ளை பூத்தது. தின்னரில் துடைத்து மறுபடி அடித்தாள். மறுபடியும் வெள்ளை. மூன்றாம் தடவை துடைத்தபோது நீலமே வழுக்கிக்கொண்டு வந்து கையில் ஒட்டியது. கீழேயிருந்த வெடிப்புகள் அப்படியே இருந்தன. வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். 

திலீபன் மறுபடி கூப்பிட்டு வழி சொன்னான். "அந்தப் பொண்ணு கிட்டாரோட கழுத்தைக் கழட்டித்தானே வச்சிருக்கீங்க? அதை அந்தப் புது உடம்புல மாட்டிடுங்க. கிட்டாரோட நம்பர் கழுத்துலதான் இருக்குது. அவருக்கு வித்தியாசம் தெரியாது. கெட்டுப்போனதை பெங்களூரு கஸ்டமருக்கு அனுப்பிடலாம்."

வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. புதன்கிழமை காலையில் புதுக் கிட்டாரின் கழுத்தைக் கழற்றிவிட்டு, துர்காவினுடையதை வைத்து நாலு திருகையும் முடுக்கினாள். கச்சிதமாகப் பொருந்தியது. கெட்டதைச் சாக்கால் மூடிவைத்தாள்.

பத்து மணிக்குக் கலியமூர்த்தி வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பெட்டியைத் திறந்ததும் அவர் கட்டைவிரல் நேராகப் பெயர்ந்திருந்த ஓரத்துக்குத்தான் போனது. திரும்பத் திரும்பத் தடவினார்.

"ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்குதும்மா" என்றார். கண் கலங்கிவிட்டது. "நீ நல்லா இருக்கணும்."

சாவித்திரி வாயைத் திறக்கக் கூடாது என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

"ஐயா, அது உங்க பொண்ணோடது இல்ல. கழுத்துதான் அதோடது. உடம்பை நான் தெரியாம கெடுத்துட்டேன்."

அவள் சாக்கை விலக்கினாள். அவர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். தேய்ந்து மரம் தெரிகிற இடத்தைத் தொட்டார், கையை உடனே எடுத்துக்கொண்டார்.

"இதப் பாத்தா நாலு வருஷமா நான் போட்டு அடிச்சேன்னு நெனப்பா."

"அடிச்சா இப்படி ஆகாதுங்கய்யா. இது கை பட்டுப் பட்டுத் தேயுற இடம். ரொம்ப வருஷம் யாராவது ஆசையா வாசிச்சாத்தான் இப்படித் தேயும்."

"எங்க வூட்டுல யாரும்மா இருக்காங்க வாசிக்க?"

 அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள், வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை.

"நாளைக்கு வரா" என்றார் கடைசியில். "அவ அம்மாவும் இல்ல. வெறுங்கையோட அவ முன்னால நிக்க முடியாதும்மா என்னால. நீ மாட்டி வச்சதையே எடுத்துக்கிட்டுப் போறேன். யாரு கேட்டாலும் அவளோடதுன்னே சொல்லு. கெட்டுப்போனதைக் கொளுத்திடு."

மழையில் பெட்டியைத் துண்டால் போர்த்தி அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தார். சாவித்திரி கொளுத்தவில்லை. பெங்களூரு கஸ்டமருக்கும் அனுப்பவில்லை. திலீபன் மூன்று தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. வியாழக்கிழமை முழுக்க யூனிட்டில் அவள் அடித்த பொம்மைகளில் பாதி, கண் இருக்கும் இடத்தில் கிளேஸ் வழிந்து வீணாயின.

வெள்ளிக்கிழமை காலை ஷெட் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியவள் இருபத்தாறு, இருபத்தேழு வயசுப் பெண். கையில் அந்தப் பெட்டி. பின்னால் கலியமூர்த்தி இறங்கினார், ஆனால் உள்ளே வராமல் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நான் துர்கா. நீங்கதானே சாவித்திரி அக்கா? இது என்னோடது இல்ல."

சாவித்திரி கலியமூர்த்தியைப் பார்த்தாள். அவர் தலையை அசைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சைகை காட்டவும் இல்லை.

"தோள்ல மாட்டுனதுமே தெரிஞ்சுபோச்சுக்கா. என்னோடது நல்ல கனம். அப்பாவைக் கேட்டா, இதான் உன்னோடதுங்கிறாரு. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் அதையேதான் சொல்றாரு. பெட்டியில உங்க ஷெட்டு பேரு இருந்துச்சு."

"தப்பு என்னோடதும்மா. அவரு மேல ஒண்ணும் இல்ல" என்று சாவித்திரி தொடங்கினாள். கேட்காமல் விட்ட பேச்சிலிருந்து, வெள்ளை பூத்த பெயிண்ட் வரைக்கும் சொன்னாள். சாக்குக்கு அடியிலிருந்து நீல உடம்பை எடுத்து மேசையில் வைத்தாள். அதை அந்தப் பெண்ணின் கண் முன்னால் வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

துர்கா அதை வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று சாவித்திரி நினைத்தாள். அழவில்லை.

"நீங்க பண்ணது தப்புதான். ஆனா நீங்க சொல்லிட்டீங்க" என்றாள். "இது எப்படிப் பேந்துச்சுன்னு உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"கைதவறி விழுந்துச்சுன்னு."

துர்கா வாசல் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "அப்பா, இங்க வாங்க. எப்படிப் பேந்துச்சுன்னு இவங்ககிட்ட சொல்லுங்க."

கலியமூர்த்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஆட்டோக்காரர்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"கைதவறல" என்றார் கிழவர். "நான்தான் தூக்கி எறிஞ்சேன். இவ மேடையில வாசிக்கிறத யாரோ போன்ல எடுத்து அனுப்புனாங்க. சொந்தக்காரங்க முன்னால மானம் போச்சுன்னு எறிஞ்சேன். கொஞ்சம் தவறியிருந்தா இவ மேலயே பட்டிருக்கும். நெலைப்படியில பட்டுச்சு." மூச்சு வாங்கினார். "தெருவுல கேட்டவங்ககிட்டயெல்லாம் இவதான் கைதவறிப் போட்டுட்டான்னு சொன்னேன். இவ அம்மாகிட்டயும் அதையே சொன்னேன். அவளும் அதை நம்பிக்கிட்டேதான் செத்தா."

 மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா என்கிட்டயே கேட்டாங்க" என்றாள் துர்கா. "ஏண்டி கவனமா புடிச்சிருக்கக் கூடாதான்னு. அன்னிக்கு நீங்க பக்கத்துலதான் நின்னீங்க." சாவித்திரி பக்கம் திரும்பினாள். "அக்கா, கழுத்தை இதுல மாட்டிக் குடுங்க. நான் எடுத்துக்கிறேன்."

"இதையாம்மா? இது பாழாயிடுச்சே."

"என்னோடது இதானே."

சாவித்திரி திருகுகளைக் கழற்றினாள். ஒன்று கைநழுவி மேசைக்கு அடியில் உருண்டது. கலியமூர்த்தி முட்டி போட்டுத் தேடி, தூசியை ஊதி, அவள் உள்ளங்கையில் வைத்தார். கம்பிகளைத் துர்காவே கட்டினாள். வாசித்துப் பார்க்கவில்லை. பெட்டியில் வைத்து மூடினாள்.

ஆட்டோவில் ஏறியதும், "ஜங்ஷனுக்குப் போங்க, சேலம் வண்டியைப் பிடிச்சு பெங்களூரு போகணும்" என்றாள்.

கலியமூர்த்தி வெளியே நனைந்துகொண்டு நின்றார். "ஸ்டேஷன் வரைக்கும் நானும் வரட்டுமா?"

அவள் சீட்டில் கிடந்த பெட்டியைத் தூக்கி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. பெட்டி இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

பத்து நாள் போயிருக்கும். கலியமூர்த்தி சாவித்திரிக்குப் போன் செய்தார். ரயில் ஏறும்வரை மகள் ஒரு வார்த்தை பேசவில்லை என்றார். ஏறின பிறகு ஜன்னல் வழியாக, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று மட்டும் கேட்டாளாம். அதற்கப்புறம் அவர் தினமும் போன் போடுகிறார். அவள் எடுப்பதில்லை.

"மணி அடிக்குதும்மா. கட் பண்றதில்ல" என்றார்.

 "விடாம போடுங்கய்யா" என்றாள் சாவித்திரி.