பத்து ஊர்களில் இருந்த புத்தகம்

இதனால் கஞ்சமலை வட்டாரத்து மக்கள் அனைவருக்கும், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், தெரிவிக்கப்படுவது: 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினோராம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு மனித அறிவு ஒழுங்குபடுத்தப்பட்டது. அதற்கு முன் அது எப்படிக் கிடந்தது என்பதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. ஒழுங்குபடுத்தப்பட்ட இடம் சூரமங்கலத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடி. ஒழுங்குபடுத்தியது, அந்த மாடியில் மிளகாய் நெடிக்கு நடுவே இயங்கிவந்த கஞ்சமலை வட்டார வாசகசாலைகள் ஐக்கிய சங்கம்.

சங்கத்தில் பதினோரு ஊர் வாசகசாலைகள் சேர்ந்திருந்தன. அதுவரை ஒவ்வோர் ஊரும் தன்னிடம் வந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் தானே விவர அட்டை எழுதிவந்தது. தலைப்பு, ஆசிரியர், பக்கம், எந்த அலமாரி என்று நாலு வரி. ஒரே புத்தகத்துக்குப் பதினோரு பேர் உட்கார்ந்து இந்த நாலு வரியை எழுதுவது நாட்டுக்கே நஷ்டம் என்று செயலாளர் சுவாமிநாதன் கண்டுபிடித்தார். இனி ஒரு துறைக்கு ஓர் ஊர். அந்தத் துறைப் புத்தகங்களுக்கு அந்த ஊர் மட்டும் அட்டை எழுதும். அட்டைகள் ஒரு மரப்பெட்டியில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போகும். மற்ற ஊர்கள் நகல் எடுத்துக்கொள்ளும். அந்தப் புத்தகம் தங்களிடம் இருந்தால் அட்டையின் அடியில் தங்கள் ஊரின் முதல் எழுத்தைப் போடும். கடைசியில் எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

திட்டம் நல்ல திட்டம். அதனாலேயே எல்லோருக்கும் சந்தேகம் வந்தது. இளம்பிள்ளைக்கு நெசவும் சாயமும் கொடுத்தார்கள். ‘எங்களுக்கு வேறொன்றும் தெரியாது என்று நினைப்பா?’ என்று இளம்பிள்ளை கேட்டது. அயோத்தியாப்பட்டணத்துக்கு ஒழுக்க நூல்களைக் கொடுத்தார்கள். தங்களைப் பற்றி யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அயோத்தியாப்பட்டணத்துக் கமிட்டி இரண்டு கூட்டம் போட்டு விசாரித்தது. விவசாயத்தைச் சங்கமே வைத்துக்கொண்டது. ஏன் வைத்துக்கொண்டது என்று பதினோரு ஊரும் யோசித்தன.

இங்கே இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சங்கம் வருஷத்துக்கு நாலு முறை புத்தகம் வாங்கி, ஒரே மாதிரியான கட்டு ஒவ்வோர் ஊருக்கும் ஒன்றாக அனுப்பும். கட்டு பஸ்ஸில் வரும். கண்டக்டர் செங்கோடன் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு புத்தகப் பட்டியல் எழுதிய வரவுச் சீட்டை நீட்டுவார். “எண்ணறதெல்லாம் அப்புறம் எண்ணிக்கோங்க. கையெழுத்து போடுங்க, வண்டி நிக்காது” என்பார். எல்லோரும் கட்டைப் பிரிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். எனவே காகிதத்தின்படி எல்லாப் புத்தகமும் எல்லா ஊரிலும் இருந்தது. ஒரு புத்தகம் ஓர் ஊரில் இல்லையென்றால், அந்த ஊர் நூலகர் அதைத் தொலைத்துவிட்டார் என்றுதான் பொருள்.

சுவாமிநாதன் ரயில்வே சரக்கு ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மனிதர்களை நம்பக்கூடாது என்பதை அங்கேதான் கற்றார். கீழே உள்ளவர்கள் வேகன்களை நேரில் பார்த்துக் குறிக்கிறார்களா, நாற்காலியில் இருந்தபடியே குறிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, இல்லாத வேகனுக்கு ஓர் எண் கொடுத்துப் பட்டியலில் சேர்ப்பது அவர் வழக்கம். நூலகர்கள் மட்டும் என்ன உத்தமர்களா? முதல் பெட்டியிலேயே ஓர் அட்டையைச் செருகினார்.

‘கிணற்று மண்ணும் அதன் குணாகுணங்களும். கோ. வெ. அமிர்தகடேசன். 212 பக்கம். படங்களுடன்.’

அப்படி ஒரு புத்தகம் கிடையாது. அமிர்தகடேசனும் கிடையாது. ‘படங்களுடன்’ என்பதை எழுதியபோது அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பெட்டி மேற்கே போய், தெற்கே சுற்றி, மூன்று மாதம் கழித்துக் கிழக்கே வந்தது. கடைசி ஊர் அயோத்தியாப்பட்டணம். அங்கே நூலகர் ஞானமேரி. இருபத்தாறு வயது. மூன்று வருஷமாகத் தற்காலிகம். அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவும் இரண்டு தம்பிகளும் சாப்பிட்டார்கள். டிசம்பர் பொதுக்கூட்டத்தில் வேலையை நிரந்தரம் செய்வதா, ஆளை அனுப்பிவிடுவதா என்று முடிவாகும். புத்தகம் தொலைத்தவர் நிரந்தரத்துக்குத் தகுதியற்றவர் என்று விதி இருந்தது.

ஞானமேரி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலமாரிக்குப் போய், புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுத்துப் போட்டார். பதினோரு ஊரில் இப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தச் சிரமம் வந்திருக்காது.

கிணற்று மண் அட்டையில் பத்து எழுத்துகள் வரிசையாக இருந்தன. அலமாரியில் புத்தகம் இல்லை.

மேல் தட்டு, கீழ்த் தட்டு, எலி கடித்ததைப் போட்டு வைத்திருந்த பெட்டி எல்லாம் பார்த்தார். பிறகு மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தார். வாசகசாலைக்கு வரும் ஒவ்வொருவரும் கையில் ஒரு கிணற்று மண்ணோடு போவது போலத் தோன்றியது. ஆத்தூர் ரோட்டில் அம்மாசி இரண்டு வருஷமாகக் கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. அந்த ஆளைத் தவிர வேறு யார் எடுத்திருப்பார்கள்? கிணறு வெட்டும் நிலத்துக்கே போய்விட்டார்.

அம்மாசி குழிக்குள்ளிருந்து தலையை மட்டும் காட்டினார்.

“பொஸ்தகமா? எந்த பொஸ்தகம்மா?”

“கிணத்து மண்ணப் பத்தினது. படமெல்லாம் இருக்கும். நீங்க எடுத்துட்டு வந்திருந்தா சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“எம்மா, நாப்பது அடி போயிருக்கறேன், தண்ணி இல்ல. அப்படி ஒரு பொஸ்தகம் எங்கிட்ட இருந்தா இந்நேரம் அத எழுதினவனத் தேடிக்கினு இல்ல போயிருப்பேன்.”

பதில் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்தான் எடுத்திருப்பார் என்று ஞானமேரி வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்துப் புது யோசனை வந்தது. புத்தகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் தேடச் சுலபம். மேலட்டை என்ன நிறம், புத்தகம் எவ்வளவு தடிமன்? இளம்பிள்ளைக்குப் பஸ் ஏறினார். அங்கே நூலகர் மாதையன், ஊரில் நாலு பேர் மதிக்கும் மனிதர். அட்டையில் மூன்றாவது எழுத்து அவருடையது.

“ஏனுங்க லைப்ரரியம்மா, இவ்வளவு தூரம்?”

“கிணத்து மண்ணு புத்தகத்த ஒரு தடவ பாக்கணும் மாதையண்ணா. பாத்துட்டுப் போயிடறேன்.”

மாதையன் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். “அது இருக்குதுங்க. ஆனா இங்க இல்லீங்க.”

“வேற எங்க இருக்குது?”

“தறிக்காரரு ஒருத்தரு ஊட்டுல.”

“தறிக்காரருக்குக் கிணத்து மண்ணு எதுக்குங்கண்ணா?”

“சாயத் தண்ணிக்குங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “மண்ணு சரியில்லீன்னா சாயம் பிடிக்காதுங்க” என்று விஞ்ஞானமும் சேர்த்தார்.

“அவரு ஊடு எங்க இருக்குது? நானே போய்ப் பாத்துக்கறேன்.”

மாதையன் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “நெசமாச் சொல்லுங்க. உங்கள ஆராச்சும் அனுப்பிச்சாங்களா? சூரமங்கலத்துல இருந்து?”

“எங்க ஊரு பிரதியக் காணோம்ங்கண்ணா. டிசம்பர்ல என் வேலையப் பத்திப் பேசுறாங்க. அதான்.”

“காணோம்னு எழுதிப் போட்டீங்களா?”

“இன்னும் போடல.”

“அப்படிச் சொல்லுங்க.” அவர் முகத்தில் ரத்தம் திரும்பிவந்தது. “எங்கிட்ட அட்ட வந்தப்ப எனக்கு முந்தி ரெண்டு ஊரு எழுத்துப் போட்டிருந்துதுங்க. ரெண்டு ஊரும் பொய் சொல்லுமுங்களா? நீங்களும் போட்டுட்டுப் பேசாம இருங்க சாமி.”

“அப்ப நீங்க பாக்காமத்தான் போட்டீங்களா?”

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்றார் மாதையன். “இருங்க, பெட்டிக்கட வரைக்கும் போயிட்டு வாரேன்.” போனவர் வரவில்லை. ஞானமேரி ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் பஸ் ஏறினார்.

திரும்பும் வழியில் அவருக்கு வந்த சந்தேகம் பெரியது. மாதையன் பொய் சொல்கிறார். பத்துப் பேருமா பொய் சொல்வார்கள்? சொல்வார்கள் என்று மனம் சொன்னது. அப்படியென்றால் உண்மையைச் சொல்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று அதே மனம் தொடர்ந்து சொன்னது. இரண்டாவதை நம்பியதற்கு வயதுதான் காரணம். அட்டையில், ‘அயோத்தியாப்பட்டணத்தில் இல்லை, வந்ததாகவும் தெரியவில்லை’ என்று எழுதிப் பெட்டியைத் திருப்பி அனுப்பினார்.

சுவாமிநாதன் அட்டையைப் பார்த்து மூன்று நாள் சந்தோஷமாக இருந்தார். பத்துப் பேர் மாட்டிக்கொண்டார்கள். பொதுக்கூட்டத்தில் பெயர் பெயராகப் படிக்க ஒரு பட்டியல் தயார் செய்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

கூட்டத்துக்குத் தலைமை, சங்கத் தலைவர் நாச்சிமுத்து. நூறு ஏக்கர் நஞ்சை, இரண்டு லாரி, எதற்கும் ஒரு கருத்து. அறிவுப் பகிர்வைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நடுவே ஓர் உதாரணம் தேவைப்பட்டது. எதிரே மேசையில் இருந்த அட்டைகளில் மேலாக இருந்ததை எடுத்தார்.

“இதோ பாருங்க, கிணத்து மண்ணும் அதன் குணாகுணங்களும். பத்து ஊர்ல இருக்குது. ஏன் இருக்குது? நல்ல பொஸ்தகம், அதனால இருக்குது. நானே படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். போன வருசம் என் தோட்டத்துல கிணறு வெட்டறப்ப அமிர்தகடேசன் சொன்னபடிதான் செஞ்சேன்.”

கை தட்டினார்கள். பத்து ஊர்ப் பிரதிநிதிகள் மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டினார்கள். சுவாமிநாதனின் கை சட்டைப் பை வரை போய், அங்கே எதையோ தேடுவது போலச் சற்று இருந்துவிட்டு வெறுமையாகத் திரும்பியது.

தலைவர் அட்டையின் அடிப்பகுதியையும் படித்தார். “அயோத்தியாப்பட்டணத்துல மட்டும் இல்லீன்னு எழுதியிருக்குது. பத்து ஊரு பத்திரமா வெச்சிருக்கிற பொஸ்தகத்த உங்க ஊரு மட்டும் எப்படிம்மா தொலைச்சுது? நிரந்தரம் வேற கேட்டிருக்கறீங்க.”

ஞானமேரி எழுந்தார். செயலாளரைப் பார்த்தார். அவர் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினாலாவது விதி இருக்குதுங்க ஐயா. ஓர் ஊர்ல இல்லாத புத்தகத்த இன்னோர் ஊரு கேட்டா, ஏழு நாள்ல அனுப்பணும்னு. நான் இப்பவே கேக்கறேன். பத்துல ஏதாச்சும் ஒண்ணு குடுங்க.”

“குடுங்கப்பா” என்றார் தலைவர், தாராளமாக.

தலைவர் ஒவ்வொருவராகக் கேட்டார். இளம்பிள்ளைப் பிரதி தறிக்காரர் வீட்டில். இன்னோர் ஊரில் பைண்டிங்குக்குப் போயிருந்தது. ஒன்றைக் கரையான் அரித்திருந்தது. ஒன்றை ஹெட்மாஸ்டர் எடுத்துப்போய் மாற்றலாகிவிட்டார். இப்படிப் பத்துப் பிரதிகளும் ஒரு காலத்தில் இருந்தவைதான், ஆனால் இப்போது ஒன்றும் கைவசம் இல்லை. பதில் சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று கவலையோடு பார்த்தார். யாரோ ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற சந்தேகம் பத்து முகத்திலும் இருந்தது.

“தலைவரு படிச்ச பிரதியக் குடுத்தாக்கூடப் போதுங்க” என்றார் ஞானமேரி.

தலைவர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார். செயலாளர் இன்னும் உத்தரத்தை விடவில்லை. நூறு ஏக்கர் சும்மா வந்துவிடுவதில்லை; தலைவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. டீ குடிக்கப் பத்து நிமிஷம் இடைவேளை என்றார்.

இடைவேளை அரை மணி நேரம் நீடித்தது. தலைவரும் செயலாளரும் மாடிப்படி அடியில் நின்று பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை; சுவாமிநாதன் ஒரு காகிதத்தை நாலாகக் கிழித்ததை மட்டும் மளிகைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். மேலே பத்துப் பேரும் டீயை ஆறவிட்டுவிட்டு ஞானமேரியைச் சுற்றி நின்று, அயோத்தியாப்பட்டணத்தில் மழை எப்படி என்று விசாரித்தார்கள்.

கூட்டம் மறுபடி கூடியதும் தீர்மானம் படிக்கப்பட்டது. பஸ் பிரயாணத்தின் குலுக்கலில் நூல்கள் இடம் மாறுவது இயற்கை. இதில் எந்த நூலகர் மீதும் குற்றம் இல்லை. நூலகர் ஞானமேரியின் கடமை உணர்ச்சியைச் சங்கம் பாராட்டி, அவரை ஜனவரி முதல் தேதியிலிருந்து நிரந்தரம் செய்கிறது. பதினாலாவது விதிப்படி நூலைக் கேட்ட விண்ணப்பம் வாபஸ் பெறப்பட்டதாகக் கருதப்படும். பட்டியலின் முழுமையை முன்னிட்டு, விடுபட்ட எழுத்து இன்றே சேர்க்கப்படும்.

சுவாமிநாதன் அட்டையையும் பேனாவையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஞானமேரி எழுதியிருந்த வரி ரப்பர் வைத்து அழிக்கப்பட்டிருந்தது. காகிதம் அந்த இடத்தில் மெலிந்துபோயிருந்தது.

“இருக்குதுன்னா போடச் சொல்றீங்க?” என்று கேட்டார் ஞானமேரி.

“ஒழுங்குக்காகம்மா” என்றார் தலைவர்.

“நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா?”

“வெளிய போயிருக்குதுன்னு சொல்லிக்கலாம்ங்க” என்றார் மாதையன், அனுபவசாலியின் கனிவோடு.

ஞானமேரி பத்து எழுத்தையும் ஒருமுறை பார்த்தார். தம்பிகளுக்கு ஜனவரியில் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டும். பேனாவை எடுத்து எழுத்தைப் போட்டார்.

அடுத்து வந்த வருஷத்தில் பதினோரு ஊர்களிலும் விவர அட்டைகளைப் புரட்டிப் புத்தகம் தேடிய வாசகர் ஒருவரும் இல்லை.