பிரைஸ் கேப்புக்குப் போன கையெழுத்து

1998ஆம் ஆண்டு மே ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு வெர்னா ஸ்ட்ரிக்லண்டின் கையெழுத்து காகிதத்திலிருந்து எழுந்து, ஆலை அலுவலகத்தின் படிகளில் இறங்கி, வங்கி இருக்கும் பக்கமாக நடந்து போனது. அன்று எங்கள் ஊரான கார்டர் பெண்டில் நல்ல வெயில். முட்டை டஜன் தொண்ணூறு சென்ட். எதிரே வந்த லாரிக்காரர் வண்டியை நிறுத்தி அதற்கு வழி விட்டார். காகிதத்தில் விரல் நீளம் இருக்கும் கையெழுத்து வெளியே இறங்கியதும் ஒரு முழம் ஆகிவிடும். நீல மையில் போட்டது நீலமாகவும் கறுப்பில் போட்டது கறுப்பாகவும் போகும். நாய்கள் அதைப் பார்த்துக் குரைப்பதில்லை. இதெல்லாம் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

மலைக்கு அந்தப் பக்கம் அரசாங்கத்தின் ஆலை இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு மேல் அங்கேதான் வேலை. அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்பது, ஒருவருடைய சம்பளத்தைக் கேட்பதைவிட மோசமான பழக்கமாகக் கருதப்படும். வேலையில் இருப்பவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். என் வங்கிக் கணக்கைப் பார்க்கலாம், என் வைத்தியக் குறிப்புகளைப் படிக்கலாம், என்னைத் தெரிந்தவர்கள் யாரையும் விசாரிக்கலாம், இதற்கெல்லாம் மனமொப்பிச் சம்மதிக்கிறேன் என்று அதில் அச்சடித்திருக்கும். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. போட மனமில்லாதவர்கள் ஆலைக்குள் நுழைய விடும் அனுமதி அட்டையைக் கழற்றி வாசலில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். போட்ட கையெழுத்து ஒவ்வொரு இடமாகப் போய்க் கவுண்டரில் நிற்கும். அங்கே இருப்பவர்கள் கோப்பை எடுத்துப் பிரித்து வைப்பார்கள். அது படித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். ஆறு வாரத்தில் இளைத்துப் போய்த் திரும்பி வரும். அதுவரை அதற்கு உரியவர் எதிலும் கையெழுத்துப் போட முடியாது. பேனா ஓடும், தாள் வெள்ளையாகவே இருக்கும். 1951இல் ஒரு வெல்டரின் கல்யாணமே இதனால் இரண்டு மாதம் தள்ளிப்போனது. தொண்ணூறு நாளுக்குள் கையெழுத்து திரும்பாவிட்டால் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

வெர்னாவுக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. ஆலையிலுள்ள தராசுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. கணவன் ஹோயட் அதே ஆலையில் தீயணைப்புப் படையில் இருந்தான். அவர்களுடைய ஒரே மகள் லினெட், ஒன்பது வயதில், 1993இல், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளைப் புதைத்த இடம் ஆலை வேலிக்குள் இருக்கிறது. 1943இல் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டபோது வீடுகளை இடித்தார்கள், கல்லறைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். ஸ்ட்ரிக்லண்ட் குடும்பத்தின் கல்லறைத் தோட்டமும் அதில் ஒன்று. அட்டை இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். இல்லாதவர்களை மே மாதத்தில் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில், வருஷத்துக்கு ஒருமுறை, அரசாங்கப் பேருந்தில் கூட்டிப்போய் ஒரு மணி நேரத்தில் கூட்டிவந்துவிடுவார்கள். வெர்னா தினமும் மத்தியானச் சாப்பாட்டை அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். அவளுக்கு அட்டை என்றால் அதுதான்.

மகள் போன எட்டாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். அடுத்த பிப்ரவரியில் ஒரு காலை, தராசின் முள் பூஜ்யத்தில் நின்றதைப் பார்த்தவளுக்கு அழுகை வந்தது, நிற்கவில்லை. ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தாள். மறுநாளும் அதே ஜலதோஷம். மனசுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அவளுக்கே புரிந்தது. ஆனால் எங்கள் ஊர் உணவுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பாடம் ஒன்று உண்டு: மனநல டாக்டரிடம் போனேன் என்று தாளில் எழுதினால் அட்டை போச்சு. அப்படி அட்டை போன ஒருவரையாவது பார்த்தவர் யாருமில்லை. எல்லோரும் நம்பினோம். ஆகவே மனசு சரியில்லாதவர்கள் மேற்கே நூறு மைல் காரோட்டி, பிரைஸ் கேப்பில் இருக்கும் டாக்டர் ஐரீன் சாட்விக்கிடம் போவார்கள். காப்பீட்டு அட்டையைக் காட்டாமல் கையில் பணம் கொடுப்பார்கள். வேறு பெயர் எழுதி, அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் காத்திருப்பு அறையில் எப்போது போனாலும் கார்டர் பெண்ட்காரர்கள் ஏழெட்டுப் பேர் மீன்பிடிப் பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வியாழக்கிழமை “மிஸ் நோரா பீல்” என்று கூப்பிட்டதும் வெர்னா எழுந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் முழங்காலை ஒதுக்கி, “போயிட்டு வாங்க, மிஸ் பீல்” என்றார். வாராவாரம் அவளுடைய விடுப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் அவர்.

பதினொரு வியாழக்கிழமைகள் அப்படிப் போனாள். சர்ச்சில் பாட்டுப் பயிற்சி என்று ஹோயட்டிடம் சொல்லியிருந்தாள். அவன் எந்தப் பாட்டு என்று ஒருநாளும் கேட்கவில்லை. 1998இல் தாள் வந்தபோது, கடந்த ஏழு வருஷத்தில் மனநல மருத்துவரிடம் போனதுண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டாள். அடுத்த வரியைப் படிக்கவில்லை. நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்தைப் போட்டு நீட்டிவிட்டாள்.

முதல் வாரம் அது வங்கியில் நின்றது. இரண்டாம் வாரம் பல் டாக்டர், பிறகு கவுண்டி ஆஸ்பத்திரி. நான்காம் வாரம் புதன்கிழமை பக்கத்து வீட்டு ஓப்பல் டக்கர் வேலியோரம் வந்து நின்றாள். ஓப்பல் ஆலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். காதில் விழுந்ததைச் சொல்லக் கூடாது என்று முப்பது வருஷம் கட்டிக் காத்த வாயை ஓய்வுக்குப் பிறகு அவிழ்த்துவிட்டிருந்தாள்.

“உன் கையெழுத்தைப் பார்த்தேன்டி வெர்னா. மேற்கு ரோட்டுல போயிக்கிட்டிருக்கு.”

“கவுண்டி ஆஸ்பத்திரிக்குப் போகுதோ என்னவோ.”

“ஆஸ்பத்திரி கிழக்கால இல்ல இருக்கு? எனக்கென்னம்மா, நான் ஸ்ட்ராபெரி வாங்கப் போனவ.” சொல்லிவிட்டு ஓப்பலும் முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள். அந்த ரோட்டின் கடைசியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். அவள் போனது திங்கட்கிழமைகளில்.

வெர்னா அடுப்பை அணைத்துவிட்டுக் காரை எடுத்தாள். அறுபதாவது மைலில், ஒரு பெட்ரோல் பங்க் தாண்டி, ரோட்டோரப் புல்லில் அது நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. இறங்கி ஓடினாள். “எங்க போற நீ? அங்க போகச் சொல்லி நான் எழுதலயே!” என்று கத்தினாள். துணிக்கூடையைக் கவிழ்த்து மூடினாள். பின்னலுக்குள் நுழைந்து வெளியே வந்தது. கம்பளியைப் போட்டு அமுக்கினாள். கம்பளியில் மை ஒட்டியதே தவிர அது நிற்கவில்லை. ‘எங்குள்ள எந்த மருத்துவரிடமும்’ என்றுதான் அந்தத் தாளில் இருந்தது. படிக்காமல் அவள் போட்ட கையெழுத்து, தான் நின்றிருந்த தாள் முழுவதையும் படித்திருந்தது.

பிரைஸ் கேப்பில் டாக்டர் வீட்டு வாசல்வரை போய் அது நின்றுவிட்டது. உள்ளே வெர்னா ஸ்ட்ரிக்லண்ட் என்ற பெயரில் கோப்பு எதுவும் இல்லை. இல்லாத கோப்பைக் கேட்கவும் முடியாது, வேறு பெயரில் உள்ளே இருக்கும் மனுஷியை விட்டுவிட்டு வரவும் முடியாது. ஜூன் முழுக்க நின்றது. ஜூலையும் நின்றது. அந்த இரண்டு மாதம் வெர்னா பட்ட பாட்டை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பாள். தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய்விடுவாள். கல்லறைத் தோட்டத்தில் சாண்ட்விச்சைப் பிரித்து வைத்து அப்படியே மடித்து எடுத்துவருவாள். தன்னுடைய தராசிலேயே ஏறிப் பார்த்தபோது ஒன்பது கிலோ குறைந்திருந்தாள். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: ஆகஸ்ட் மூன்றோடு தொண்ணூறு நாள் முடிகிறது. கையெழுத்தை உள்ளே விட்டால் பொய் வெளியே வந்து அட்டை போகும். விடாவிட்டால் கையெழுத்து திரும்பாமல் அட்டை போகும். ஹோயட்டிடம் சொல்லலாம் என்று தினமும் நினைப்பாள். சொல்ல ஆரம்பித்தால் லினெட் என்ற பெயரில்தான் ஆரம்பிக்க வேண்டும். அந்த வீட்டில் ஐந்து வருஷமாக இருவருமே அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

ஜூலை முப்பது, வியாழக்கிழமை காலை அவள் பிரைஸ் கேப்புக்குப் போனாள். டாக்டர் சாட்விக் வாசற்படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது வயதிருக்கும்.

“ரெண்டு மாசமா இங்கயே நிக்குது, மிஸ் பீல். மழையிலகூட நகரல” என்றார்.

“நான் நோரா பீல் இல்ல, டாக்டர்.”

“தெரியும்மா. இங்க வர்ற உங்க ஊர்க்காரங்க ஒருத்தர்கூடச் சொன்ன பேருக்காரங்க இல்ல. ஒரு வாரத்துல மூணு ஜான் ஸ்மித் பார்த்திருக்கேன்.”

“உள்ள விட்டா என்ன ஆகும்?”

“யாருக்குத் தெரியும்? நான் திறக்க மாட்டேன். சம்மதம் உன்னோடது, கதவை நீதான் திறக்கணும்.”

எப்படியும் போகிற அட்டை உண்மையைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தோன்றியதாக வெர்னா பின்னால் சொன்னாள். கதவைத் திறந்தாள். கையெழுத்து நேராகக் கோப்பு அலமாரிக்குப் போய் மூன்றாவது இழுப்பறைமேல் ஏறியது. இழுப்பறை தானாகத் திறந்து நோரா பீல் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு மற்ற இழுப்பறைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. பொய்ப் பெயர்கள் நூற்று நாற்பத்துமூன்று இறங்கி, டாக்டரின் கம்பளத்தில் வரிசை கட்டி, வாசல் வழியாக வெளியேறிக் கிழக்கே திரும்பின. வீட்டுக்குப் போகிற கையெழுத்துகள் குதிரை வேகத்தில் போகும்.

அவற்றின்மேல் யாரும் வண்டியை ஏற்றிவிடக் கூடாதே என்று வெர்னா பின்னாலேயே காரை ஓட்டினாள். பகல் வெளிச்சத்திலும் முன்விளக்கைப் போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பகலில் விளக்கெரிய மெதுவாகப் போனால் அது சவ ஊர்வலம். எதிரே வருகிறவர்கள் யாருடைய சாவு என்று கேட்காமல் ஓரம் கட்டுவார்கள். அன்றும் கட்டினார்கள். நூறு மைலும் கார்கள் ஒதுங்கி நின்றன. ஒரு விவசாயி டிராக்டரை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அழுது தீர்க்காத வெர்னா அந்த ஸ்டீயரிங்கின்மேல் நன்றாக அழுதாள்.

மாலை ஐந்து மணிக்கு அவை ஊருக்குள் நுழைந்தன. மேற்பார்வையாளர் வீட்டுக்கு இரண்டு பெயர்கள் போயின. பாதிரியார் வீட்டுக்கு ஒன்று. ஓப்பல் டக்கர் கதவைத் திறந்து, “வந்து தொலை” என்று தன்னுடையதை உள்ளே விட்டுக்கொண்டாள். வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஹோயட் படியில் நின்றிருந்தான். வெர்னாவின் சொந்தக் கையெழுத்து அவள் வலது மணிக்கட்டில் ஏறி மறைந்தது. நோரா பீல் கால்மிதி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதன்பின் இன்னொன்று, கறுப்பு மையில், வலப்பக்கம் சாய்ந்து, சிரமப்பட்டுப் படியேறி வந்து ஹோயட்டின் பூட்ஸ் அருகே நின்றது. ஹென்றி லினெட் என்று இருந்தது. எழுத்து ஹோயட்டுடையது.

“நீ எந்தக் கிழமை?” என்று கேட்டாள் வெர்னா.

“செவ்வாய்.”

“தீயணைப்பு ஒத்திகைன்னு சொன்னியே.”

“நீகூடத்தான் பாட்டுன்னு சொன்ன.”

“பேரை ஏன் இப்படிப் போட்ட?”

“டாக்டர்கிட்ட பேர் எழுதுற பொண்ணு சட்டுனு பேரக் கேட்டுது. வேற எந்தப் பேரும் எனக்கு ஞாபகம் வரல, வெர்னா.”

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, விசாரணை அதிகாரி கிளைட் முன்ஸி வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர், பெப்பர்மிண்ட் மிட்டாய் சப்புகிறவர். டாக்டர் கேள்விக்கு வந்ததும் வெர்னா, “போனேன். மக செத்ததுக்காகப் போனேன். பதினொரு தடவை” என்றாள். முன்ஸி தாளைத் திருப்பி அடுத்த வரியில் விரலை வைத்தார். “துக்கத்துக்காக மட்டும் போயிருந்தா ‘இல்லை’ன்னே எழுதலாம்மா. இதோ, இங்கயே இருக்கு.” வெர்னா அதை மூன்று தடவை படித்தாள். எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஒரு வரியை வாய்விட்டுப் படித்துக்காட்ட அத்தனை வருஷத்தில் ஊரில் ஒரு ஆள் இல்லை. பொய்ப் பெயர்களைப் பற்றி அரசாங்கம் யோசித்துப் பார்த்தது. அத்தனை பேரையும் அனுப்பிவிட்டால் ஆலையில் விளக்குப் போட ஆள் இருக்காது. எல்லோருக்கும் ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது, அட்டை யாருக்கும் போகவில்லை. கையெழுத்துகள் அந்தந்த வீட்டில் தங்கிவிட்டன. விரட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

முன்ஸி கடைசிக் கேள்விக்கு வந்தார். இந்த வீட்டில் குடியிருப்பவர்கள் யார் யார்? வெர்னா தன்னையும் ஹோயட்டையும் நோரா பீலையும் சொன்னாள். பிறகு ஹென்றி லினெட்டைச் சொன்னாள். முன்ஸி நான்கு பெயரையும் வரிசையாக எழுதினார்.

“இந்த லினெட் என்ன உறவு வேணும் உங்களுக்கு?”

வெர்னா கணவனைப் பார்த்தாள். “எங்க பொண்ணு வழியில சொந்தம்” என்றான் ஹோயட்.

முன்ஸி அந்தக் கட்டத்தில் அப்படியே எழுதிக்கொண்டு, கையெழுத்துக்காகத் தாளை வெர்னா பக்கம் நகர்த்தினார்.